மசோதாவுக்கு முப்பது நாள் கொடுங்கள்

2023 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு சட்டமன்றத்தின் நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடருக்கு அன்று கடைசி நாள். அன்றைக்கு நிறைவேறிய மசோதாக்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்க்கும் திருத்தம். நாளுக்கு எத்தனை மணி நேரம் வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வார விடுமுறை, இடைவேளை, மிகைநேரச் சம்பளம் ஆகியவை பற்றிய பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்குக் கொடுக்கும் அதிகாரத்தை அது அரசின் கையில் வைத்தது. மக்கள் வாயில் அதற்கு ‘12 மணி நேர வேலை மசோதா’ என்று பெயர் விழுந்தது. இன்னொன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) மசோதா. 100 எக்டேருக்குக் குறையாத பெரிய திட்டம் ஒன்றின் நிலத்துக்குள் குளமோ ஓடையோ வாய்க்காலோ வந்தால், அதையும் சேர்த்து அந்த நிலத்தை எப்படி ஒருங்கிணைப்பது என்று சொல்லும் சட்டம் அது. முதல் மசோதா பத்தே நாளில் கைவிடப்பட்டது. இரண்டாவது இன்றைக்குச் சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. ஒரே நாளில், ஒரே சபையில் நிறைவேறிய இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு கதி வந்தது என்று யோசித்தால், நாம் சட்டம் செய்யும் முறையில் எங்கே கோளாறு இருக்கிறது என்பது பிடிபடுகிறது.

முதலில் வேலை நேர மசோதா. ஏப்ரல் 12 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் அதை அறிமுகம் செய்தார். 21ஆம் தேதி, திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்ய, குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எல்லாத் தொழிற்சாலைக்கும் இது பொருந்தாது, தொழிலாளி விரும்பினால்தான், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் விடுப்பு எடுக்கலாம் என்றெல்லாம் அமைச்சர்கள் விளக்கம் சொன்னார்கள். நல்ல விளக்கங்கள்தான். ஆனால் அவை அமைச்சர்களின் பேச்சில் இருந்தன, மசோதாவின் வாசகத்தில் இல்லை. வாசகத்தில் இருந்தது, அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்கு அளிக்கலாம் என்பதுதான். நாளைக்கு வேறொரு அரசு வந்து வேறு நிபந்தனை விதித்தால் என்ன செய்வது என்ற கேள்வியைக் கேட்க ஒரு இடம் வேண்டும். அந்த இடம் கிடைத்தது ஏப்ரல் 24 அன்று. அமைச்சர்கள் தொழிற்சங்கங்களை அழைத்துப் பேசினார்கள். திமுகவின் சொந்தத் தொழிற்சங்கமான தொமுச உட்பட எல்லோரும் ஒத்துக்கொள்ள மறுத்தார்கள். அன்று மாலையே மசோதா நிறுத்திவைக்கப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மே 1 அன்று சென்னை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். அரசு செவிசாய்த்ததைப் பலரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறேன், பிடிவாதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சங்கங்களை அழைத்துக் கேட்டது, சபை வாக்களித்து மூன்று நாள் கழித்து! 12ஆம் தேதிக்கு முன்னால் நடந்திருக்க வேண்டிய பேச்சு அது. போகட்டும், 12க்கும் 21க்கும் நடுவில் ஒன்பது நாள் இருந்தன. அந்த ஒன்பது நாளில் யாரையாவது கூப்பிட்டுக் கேட்பது எவருடைய வேலையாகவும் இல்லை. கடைசியில், சபை நிறைவேற்றிய ஒன்று, சபை கூடாத ஒரு நாளில், ஒரு பூங்காவில் முடிவுக்கு வந்தது.

நில மசோதாவுக்கு அந்த ஒன்பது நாளும் இல்லை. 21ஆம் தேதி அறிமுகமாகி, 21ஆம் தேதியே விவாதம் இல்லாமல் நிறைவேறியது. பூவுலகின் நண்பர்கள் போன்ற சூழலியல் அமைப்புகளும் விவசாயிகள் அமைப்புகளும் எதிர்த்தன. நீர்நிலைகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம் என்றது அரசுத் தரப்பு. 2023 ஆகஸ்டில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது, 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டம் தப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நான் வரவில்லை. பெரிய தொழில் வர வேண்டும், நம் தென்காசி மாவட்டத்துக்கு அது கட்டாயம் வேண்டும். என் கேள்வி வேறு. இந்த மாவட்டத்தில் நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் விவசாயம் என்றால் பெரும்பாலும் மானாவாரியும் குளத்துப் பாசனமும்தான். வற்றாத ஆறு நமக்கு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல்குளம் பெருகி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணீர். அதற்கும் கீழே இன்னொரு குளம். இந்தத் தொடரில் நடுவில் ஒரு வாய்க்காலின் போக்கை நூறு அடி நகர்த்தினாலும், திட்டப் பகுதிக்குள் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத, மூன்று ஊர் தள்ளி இருக்கும் ஆயக்கட்டுக்காரர் அதற்கு விலை கொடுப்பார். அவரையும் அழைத்துக் கேட்க வேண்டுமா, அழைக்காவிட்டால் அவர் எங்கே முறையிடுவது? சட்டம் எழுதும்போதே ஒவ்வொரு பிரிவாக எடுத்து வைத்துப் பேச வேண்டிய கேள்விகள் இவை. அப்படிப் பேச சபையில் ஒரு பகல்பொழுதுகூட ஒதுக்கப்படவில்லை.

ஏன் ஒன்று போனது, ஒன்று நின்றது? ஒன்றுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. பதில் இவ்வளவுதான். மாநிலம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் சங்கங்கள், கூட்டணியில் உட்கார்ந்திருந்த கம்யூனிஸ்ட் கட்சிகள், வேலைநிறுத்த அறிவிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு மசோதாவை நிறுத்தின. கீழ்க்குளத்து ஆயக்கட்டுக்காரருக்கு அந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன்: மசோதாவை நிறைவேற்றிவிட்டுப் பிறகு மக்களிடம் கேட்கும் வழக்கம், பலம் உள்ளவர்களுக்கு மட்டுமே காது கொடுக்கும் வழக்கம். முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்பதை விதியாக்கினால்தான் பலம் இல்லாதவர்களின் பேச்சும் ஏட்டில் ஏறும். சங்கரன்கோவிலில் யார் அதிகம் என்று பாருங்கள். நாலு தறி, ஆறு தறி ஓடும் சின்னக் கூடங்களில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அப்போது பொதுவாக அது தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்கு 65ஏ வந்தாலும் போனாலும் ஒன்றுதான். வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள், பூச்சந்தைக்கு விடியற்காலையில் மல்லிகை கொண்டுவருபவர்கள், புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக் கூலிகள் இருக்கிறார்கள். இவர்களைத் தொடும் ஒரு மசோதா கடைசி நாளில் நிறைவேறினால், மூன்றாம் நாள் தலைமைச் செயலகத்துக்கு அழைத்துப் பேச இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? தறியில் இழை அறுந்தால் ஓட்டத்தை நிறுத்தி அப்போதே முடிச்சுப் போடுவார்கள், நெய்து சுருட்டிய பிறகு தெரிந்தால் அந்தத் துணி பழுது கணக்கில்தான் போகும். சட்டத்தையும் பாவிலேயே பார்க்க வேண்டும்.

2023இல் நடந்தது ஒரு முறை நேர்ந்த தவறு என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2025 அக்டோபரில் சட்டமன்றம் 14 முதல் 17 வரை நான்கு நாள் கூடியது. தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பல்கலைக்கழகம் தொடங்க ஒரே இடத்தில் 100 ஏக்கர் நிலம் வேண்டும். அதை மாநகராட்சிப் பகுதியில் 25 ஏக்கர், நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 என்று குறைப்பது திருத்தத்தின் ஒரு பகுதி. ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழி திறப்பது இன்னொரு பகுதி. அரசு உதவிபெறும் கல்லூரிகள் அப்படி மாறினால் அங்கே படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் என்னாகும், இட ஒதுக்கீடு என்னாகும், ஆசிரியர்களின் பணி என்னாகும் என்று ஆசிரியர் அமைப்புகளும் மார்க்சிஸ்ட் கட்சியும் கேட்டன.  கடைசி நாளான 17ஆம் தேதி மசோதா நிறைவேறியது. அந்த மாதம் முடிவதற்குள் உயர்கல்வி அமைச்சர் கோவி.செழியன் மறுபரிசீலனைக்காகத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். முதல் முறையாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைகள் நிறைந்த நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. இரண்டரை ஆண்டு இடைவெளியில் அதே கடைசி நாள், அதே அவசரம், அதே பின்வாங்கல்.

அவசரத்தின் செலவைச் சில நேரம் அரசு ஏற்பதில்லை, யாருக்காகச் சட்டம் வந்ததோ அவர்களே ஏற்கிறார்கள். இதற்கு உள் ஒதுக்கீட்டுச் சட்டங்கள் இரண்டையும் விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், வன்னியர்களுக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதி செய்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் இந்தப் பிரிப்புக்குத் தேவையான தற்காலத் தரவு இல்லை என்பதுதான் சாரம். இப்போது 2009க்குப் போங்கள். அருந்ததியர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீட்டுக்குள் 3 விழுக்காடு தந்த சட்டம். அதற்கு முந்தைய ஆண்டில் நீதிபதி எம்.எஸ்.ஜனார்த்தனத்தின் ஒரு நபர் குழு, வேலையிலும் கல்வியிலும் அருந்ததியர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஆய்ந்து அறிக்கை கொடுத்தது. பிறகுதான் சட்டம். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தபோது, தமிழ்நாட்டின் அருந்ததியர் சட்டமும் நிலைத்தது. சங்கரன்கோவில் தனித்தொகுதி. இங்கே இந்த 3 விழுக்காடு ஏட்டுச் சுரைக்காய் இல்லை, பிள்ளைகளின் கல்லூரி இடம், அரசு வேலை. ஒரே வகையான சட்டம், ஒன்று பதினைந்து ஆண்டு வழக்கைத் தாங்கி நின்றது, ஒன்று ஓராண்டுகூட நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் வேறு சட்ட வித்தியாசங்களும் உண்டுதான், ஆனால் கையில் அறிக்கை வைத்துக்கொண்டு எழுதியதா இல்லையா என்ற வித்தியாசத்தை யாரும் தாண்டிப் போக முடியாது.

இணையச் சூதாட்டத்தில் நடந்ததும் இதே கதைதான். 2021 தொடக்கத்தில் வந்த சட்டத்தை, அது அளவுக்கு மீறியது என்று சொல்லி 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வந்த அரசு 2022 ஜூனில் நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைத்தது. பொதுமக்களின் கருத்தையும் கேட்டது. அதன்பின் வந்த சட்டத்தில் ரம்மி, போக்கர் பற்றிய பகுதியை மட்டும் 2023 நவம்பரில் நீதிமன்றம் கழித்தது, மற்றது நின்றது. நள்ளிரவுக்கு மேல் பணம் வைத்து விளையாடத் தடை போன்ற கட்டுப்பாடுகளையும் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சந்துரு குழு எடுத்துக்கொண்ட காலம் எவ்வளவு தெரியுமா? சுமார் இரண்டரை வாரம். நிதானம் என்றால் ஆண்டுக்கணக்கில் இழுப்பது என்று பயப்படுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இது ஒரு கட்சியின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்னவற்றில் 2021 பிப்ரவரி அதிமுக காலம், 2023ம் 2025ம் திமுக காலம். டெல்லியும் இதில் நமக்கு வழிகாட்டி இல்லை. மூன்று வேளாண் சட்டங்களில் இரண்டை 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். அன்று அவற்றைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லித் தீர்மானம் கொடுத்து, வாக்கைப் பிரித்து எண்ணச் சொன்னவர்களில் திமுக உறுப்பினரான நம் திருச்சி சிவாவும் ஒருவர். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். கேட்டபடி நடந்திருந்தால் ஓராண்டுப் போராட்டமும், 2021 நவம்பரில் அந்தச் சட்டங்களையே ரத்து செய்யும் நிலையும் வராமல் போயிருக்கலாம். டெல்லியில் கேட்ட அதே நியாயத்தைச் சென்னையிலும் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆண்டுக்கு 100 நாள் சட்டமன்றம் நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னதும் திமுகதான். மாநிலச் சட்டமன்றங்களின் செயல்பாட்டை ஆண்டுதோறும் தொகுக்கும் பிஆர்எஸ் அமைப்பின் கணக்குகளைப் பார்த்தால், நாடு முழுவதும் ஏறத்தாழப் பாதி மசோதாக்கள் அறிமுகமான நாளிலோ மறுநாளிலோ நிறைவேறிவிடுகின்றன. எல்லோரும் செய்கிறார்கள் என்பதால் ஒன்று சரியாகிவிடாது.

மசோதாவை முப்பது நாள் பொதுவெளியில் வைத்து, ஒரு குழு மக்களிடம் கேட்ட பிறகே வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. சரி, இதற்கான எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம்: வேகம்தான் ஜல்லிக்கட்டைக் காப்பாற்றியது. 2017 ஜனவரி 23 அன்று ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு செல்லும் என்றது. உண்மை. இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் பல ஆண்டு வழக்கும் பொதுவிவாதமும் இருந்தன. அந்த மசோதாவில் என்ன இருக்கிறது என்று தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. உண்மையான அவசரத்துக்கு விதிவிலக்கு வைக்கலாம், வைக்க வேண்டும். ஏன் அவசரம் என்று அமைச்சர் எழுத்தில் சொல்லட்டும், சபையில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளட்டும். ஜல்லிக்கட்டு மசோதா அந்தத் தேர்வில் சிரமமில்லாமல் தேறியிருக்கும். நில ஒருங்கிணைப்பு மசோதாவுக்கு என்ன அவசரம் இருந்தது? நிறைவேறி ஒன்றரை ஆண்டு கழித்துத்தானே நடைமுறைக்கே வந்தது!

இரண்டாவது வாதம்: பெரும்பாலான மசோதாக்கள் ஒரு வார்த்தை, ஒரு தேதி மாற்றும் சின்னத் திருத்தங்கள், இவற்றையெல்லாம் குழுவுக்கு அனுப்பினால் நிர்வாகம் நின்றுவிடும். நிதி ஒதுக்க மசோதாவையும், மத்திய வரிச் சட்டத்தோடு ஒத்துப்போகச் செய்யும் திருத்தங்களையும் விட்டுவிடுங்கள், ஆட்சேபணை இல்லை. மற்றவற்றில் எது சின்னது என்று அரசு மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதே என் கோரிக்கை. 65ஏயும் ஒரு சின்னப் பிரிவுதான், காகிதத்தில்.

மூன்றாவது வாதத்தை நல்ல நோக்கம் உள்ளவர்கள் சொல்கிறார்கள்: நல்ல சட்டங்களும் இதனால் தாமதமாகும். 2025 ஏப்ரலில் வந்த இரண்டை எடுத்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி அமைப்புகளில் நியமிக்கும் மசோதாக்கள், நகர்ப்புறத்தில் சுமார் 650 பேருக்கும் கிராம ஊராட்சிகளில் 12,913 பேருக்கும் இடம் திறந்தன. நெஞ்சாரப் பாராட்ட வேண்டிய சட்டம். கடன் வசூலில் அடாவடியைத் தடுக்கும் மசோதா ஏப்ரல் 26 அன்று அறிமுகமாகி 29 அன்று, தொடரின் கடைசி நாளில், நிறைவேறியது. அடாவடி வசூலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, துன்புறுத்தல் தாங்காமல் கடன் வாங்கியவர் உயிரை மாய்த்துக்கொண்டால் தற்கொலைக்குத் தூண்டிய குற்றம். குழுக் கடன் வாங்கி வாரத் தவணை கட்டும் பெண்கள் நிறைந்த ஊரிலிருந்து சொல்கிறேன், இந்தச் சட்டம் வேண்டும். வேண்டும் என்பதால்தான் மூன்று நாள் போதாது என்கிறேன். ஒரு குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றப் பெண்களையே அவள் வீட்டு வாசலில் உட்கார வைப்பது ஒரு வசூல் முறை. அங்கே அடாவடி செய்தது யார், வசூலிக்க வந்தவரா, அவர் பேச்சைக் கேட்டு உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரியா? அந்தப் பெண்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு ஒரு குழு ஒரு காலைப்பொழுது கேட்டிருந்தால், காவல் நிலையத்தில் யார்மேல் வழக்குப் பதிவது என்ற குழப்பத்துக்குச் சட்டத்திலேயே பதில் எழுதியிருக்கலாம். நல்ல சட்டம் முப்பது நாள் காத்திருந்தால் கெட்டுப்போகாது, இன்னும் உறுதியாகும்.

நான்காவது வாதம் இன்றைய அரசியலில் வலுவானது. ஆளுநர் ஏற்கெனவே மசோதாக்களை ஆண்டுக்கணக்கில் முடக்குகிறார், நீயும் தாமதப்படுத்தச் சொல்கிறாயா என்பது. தமிழ்நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2020இலிருந்து தேங்கியவை உட்படப் பத்து மசோதாக்களுக்கு 2023 நவம்பரில் ஆளுநர் ஆர்.என்.ரவி ஒப்புதல் மறுத்தார். நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டிச் சபை அவற்றை மறுபடி நிறைவேற்றியது. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று வரலாற்றுத் தீர்ப்பு அளித்தார்கள். பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்குக் கால வரம்பு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் கூடாது என்றது. காரணமின்றி முடிவில்லாமல் கிடப்பில் போடவும் முடியாது என்றும் சொன்னது. மக்கள் தேர்ந்தெடுக்காத ஒருவர், காரணம் சொல்லாமல், கதவை மூடிக்கொண்டு செய்யும் தாமதத்தை நான் எதிர்க்கிறேன். நான் கேட்பது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள், கதவைத் திறந்துவைத்து, காரணம் பேசிச் செய்யும் நிதானம். இரண்டுக்கும் பெயர் தாமதம் என்றால் சொல்லில்தான் பஞ்சம். இன்னொன்றையும் கவனியுங்கள். நவம்பர் கருத்துரைக்குப் பிறகு ஆளுநருக்கு எதிராக மாநிலத்தின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், சபையின் மதிப்புதான். முப்பது நாள் பொதுவெளியில் கிடந்து, நூறு பேர் சாட்சியம் சொல்லி, எதிர்க்கட்சியின் திருத்தங்களில் நான்கை ஏற்றுக்கொண்டு வந்த மசோதாவை ஆளுநர் முடக்கினால் நாடே அவரைக் கேள்வி கேட்கும். பிற்பகல் மூன்று மணிக்கு வந்து நாலு மணிக்கு நிறைவேறியதை அவர் முடக்கினால், அதன் பெயரையே யாரும் அறிய மாட்டார்கள்.

குழுவிலும் ஆளும்கட்சிக்குத்தானே பெரும்பான்மை, என்ன லாபம் என்று கேட்பீர்கள். லாபம் இருக்கிறது. 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டால் உறுப்பினருக்குப் பதவி போகலாம். சபையில் தொலைவில் உட்கார்ந்து ‘ஆம்’ என்பதைத் தவிர அவருக்கு வழி இல்லை. பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காரும் குழுவில் கொறடாவின் கை எட்டாது. தன் தொகுதியின் குளத்தைப் பற்றி ஆளும்கட்சி உறுப்பினரே கேட்கலாம். துறைச் செயலாளர் பதில் சொல்லியாக வேண்டும், பதில் ஏட்டில் ஏறும். இது கனவு இல்லை. புளியரை தாண்டினால் கேரளம். அங்கே 1980இலிருந்து துறைவாரிக் குழுக்கள் இருக்கின்றன, இப்போது 14. அறிமுகமான மசோதா வழக்கமாக அந்தத் துறைக் குழுவுக்குப் போகிறது. துறை அமைச்சரே குழுவுக்குத் தலைவர் என்பது அங்கே உள்ள குறை, அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கேரளப் பொதுச் சுகாதார மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பி, அந்தக் குழு பல மாவட்டங்களுக்குப் போய் மக்களிடம் கேட்டு, 2023இல்தான் நிறைவேற்றினார்கள். இலங்கையில் ஒரு மசோதா நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் ஏறுவதற்கு 14 நாள் முன்பே அரசிதழில் வெளியாக வேண்டும், அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தோன்றினால் எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றம் போகலாம். வரைவுச் சட்டங்களை முப்பது நாளாவது பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று நம் மத்திய அரசே 2014இல் கொள்கை வகுத்தது, கடைப்பிடிக்காதது வேறு விஷயம். நம் சட்டமன்ற விதிகளிலும் தெரிவுக் குழுவுக்கு இடம் இருக்கிறது. 1986 நவம்பரில் மேலவை ஒழிந்த பிறகு ஒரு மசோதாவை இரண்டாவது முறை பார்க்க நமக்கு வேறு அவையும் இல்லை. மேலவை திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இருக்கும் விதியைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

சுருக்கமான ஏற்பாடு போதும். எந்த மசோதாவும் அறிமுகமாகி முப்பது நாளுக்கு முன் வாக்கெடுப்புக்கு வரக் கூடாது. நான்கு நாள் கூட்டத்தொடர் என்றால் ஒரு தொடரில் அறிமுகம், அடுத்த தொடரில் வாக்கு. சாதாரண மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் நூலகத்திலும் தொங்க வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம், குழு அதைப் படித்து ஏற்றதா மறுத்ததா என்று பதிவு செய்ய வேண்டும். இதற்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை, சபையின் நடத்தை விதிகளைச் சபையே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்த சட்டமன்றத் தேர்தலை நினைத்துப் பாருங்கள். சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி, ஆலங்குளம் என்று நம் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளிலும் வாக்குக் கேட்டு வருவார்கள். சாலை கேளுங்கள், குடிநீர் கேளுங்கள், விசைத்தறிப் பூங்கா கேளுங்கள். அதோடு இதையும் கேளுங்கள்: “மசோதாவை முப்பது நாள் மக்கள் முன் வைக்காமல் வாக்கெடுப்புக்கு விடக் கூடாது என்று சபையில் எழுந்து சொல்வீர்களா?” சொல்வேன் என்பவரிடம் கட்சி பார்க்காமல் அதைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.